ஊத் பூசிப் போன ஞாயிற்றுக்கிழமை

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மூன்று சட்டை மாற்றினேன். நாற்பத்தோரு வயது ஆள், கட்டிய பெண்டாட்டியைக் கூப்பிடப் போவதற்குப் பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தேன். தமிழ்ச்செல்வி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பரவையில் அவள் அப்பா வீட்டுக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆயிற்று. அதில் பதினாலு மாதமாக நான் குடிக்கவில்லை. ஒரு சொட்டுகூட இல்லை. இதை யாரிடம் சொன்னாலும் "அப்படியா" என்று இழுப்பார்கள். அந்த இழுவையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முந்தின வாரம் மாமனார் மலையாண்டி போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"ஆடி பொறக்குறதுக்குள்ள ஒரு முடிவு தெரியணும் மாப்ள. நீங்க திருந்திட்டீங்கன்னு நீங்க சொன்னாப் பத்தாது, எங்க கண்ணுக்குத் தெரியணும். ஞாயித்துக்கெழம வாங்க. பாப்போம். சரியில்லேன்னா திங்கக்கெழம அவ தம்பிகூடத் திருப்பூர் போறா. பனியன் கம்பெனில வேலைக்குச் சொல்லி வச்சிருக்கான். பிள்ளைக்கு டிசி வாங்கியாச்சு."

ஆனி மாதத்தின் கடைசி ஞாயிறு அது. அன்றைக்கு விட்டால் எனக்கு வேறு நாள் இல்லை. திருப்பூர் போனவள் திரும்பி வரமாட்டாள் என்று எனக்குத் தெரியும். நானாக இருந்தாலும் வரமாட்டேன்.

குடியை விட்டது எப்படி என்று கேட்டால் ஆஸ்பத்திரி, மாத்திரை எல்லாம் உண்டு. ஆனால் விட்டதை விட்டபடியே வைத்திருந்தது கமாலுதீன் பாயின் அத்தர் கடைதான். தெற்கு வெளி வீதியில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. முதலில் பார்சல் இறக்கத்தான் போனேன். குடி நின்றவுடன் எனக்கு மூக்கு திறந்துகொண்டது. சந்து முனையிலேயே பாய் எந்தக் குப்பியைத் திறந்திருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அவர் இரண்டு மூன்று தடவை சோதித்துப் பார்த்துவிட்டு உள்ளே உட்கார வைத்தார். அவர் வைத்த வேலை ஊத் பார்ப்பது.

ஊத் என்பது அகில் மரத்தில் நோய் விழுந்த கட்டையை வடித்து எடுக்கிற எண்ணெய். கட்டையை நாள்கணக்கில் தண்ணீரில் ஊறப் போட்டு அப்புறம்தான் வடிப்பார்கள். அதனால் பூசிய முதல் ஒரு மணி நேரம் நல்ல ஊத் மணக்கவே மணக்காது. மாட்டுக்கொட்டகை, ஈரத்தோல், புளித்த கஞ்சி, இப்படித்தான் வரும். பழக்கமில்லாதவர்கள் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு கடையை விட்டே இறங்கிவிடுவார்கள். பொறுத்திருந்தால் புளிப்பு இறங்கி மரம் வெளியே வரும். மூன்று மணி நேரம் கழித்துப் பிசினும் இனிப்பும் வரும். மறுநாள் காலையில் சட்டைக் கையில் எது மிச்சம் நிற்கிறதோ அதுதான் அந்த எண்ணெயின் யோக்கியதை. ஆரம்பத்திலேயே இனிப்பாக மணப்பதெல்லாம் கலப்படம். குப்பியைத் திறந்து மோந்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறவனைப் பாய் கடைக்குள்ளேயே விடமாட்டார். உடம்பில் போட்டு, வெயிலில் நடந்து, வேர்த்து, அப்புறம் வந்து சொல்ல வேண்டும்.

"சபூரா, பொறுமையா இரு பாண்டி" என்பார் பாய். "அது பேசி முடிக்கட்டும். அப்பறம் நீ பேசு."

ஒரு பெக் போட்டால் மறுநாள் மூக்கு மந்தமாகிவிடும். கலப்படத்தை அசல் என்று சொல்லி மாட்டிக்கொள்வேன். பதினாலு மாதத்தில் நான் ஒரு தீர்ப்புகூடத் தப்பாகச் சொல்லவில்லை. இதைவிடப் பெரிய சாட்சி என்ன வேண்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பெருமையில்தான் அன்றைக்குக் காலையில் புத்தி போயிற்று. கடையிலேயே உசத்தியான அஸ்ஸாம் எண்ணெயில் கண்ணாடிக் குச்சியைத் தோய்த்து, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு இழுப்பு, காதுக்குப் பின்னால் ஒன்று, சட்டைக் காலரில் ஒன்று என்று போட்டுக்கொண்டேன். அவர்கள் வீட்டுக்கு நாறிக்கொண்டு போனவன் இன்றைக்கு மணத்துக்கொண்டு போகட்டுமே என்று நினைப்பு. கணக்கும் போட்டு வைத்திருந்தேன். பஸ் பிடித்து, பரவையில் இறங்கி, மார்க்கெட்டில் பூ வாங்கிக்கொண்டு மெல்ல நடந்தால் ஒன்றரை மணி நேரம். புளிப்பு அடங்கி மரம் வந்திருக்கும்.

ஆனால் பஸ் ஸ்டாப்பில் தெரிந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் "பரவைக்குத்தான், ஏறுங்கண்ணே" என்றார். ஆசை யாரை விட்டது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். அரை மணி நேரத்தில் மாமனார் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார். பூ வாங்கவும் மறந்துவிட்டேன்.

மாமனார் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "வாங்க மாப்ள" என்று முகம் மலர்ந்து இரண்டு எட்டு வைத்தவர் அப்படியே நின்றார். மூக்கு விடைத்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கையிலிருந்துதான் வாடை இன்னும் பலமாகப் போயிருக்கும்.

"புளிச்ச வாடை அடிக்குதே" என்றார். "காலங்காத்தாலயேவா மாப்ள?"

"ஐயோ மாமா, அது ஊத். அத்தர். மொதல்ல அப்படித்தான் வரும். இன்னும் கொஞ்ச நேரத்துல பாருங்க, மரம் மணக்கும்."

"கொஞ்ச நேரத்துல எல்லா வாடையும்தான் போகும்."

தமிழ்ச்செல்வி கதவுக்கு வெளியே வந்து நின்றாள். மெலிந்திருந்தாள். காதோரம் நரை விழுந்திருந்தது. அவளைப் பார்த்ததும், என்னமோ சொல்ல வேண்டும் என்று ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. அவள் கிட்ட வரவில்லை. நின்ற இடத்திலிருந்தே மூச்சை இழுத்தாள். அவள் முகம் கல்லானதை நான் பார்த்தேன்.

"சென்ட்டு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எந்தக் காலத்தில் அந்த வீட்டுக்கு நாறிக்கொண்டு போனேன்? குடித்த அத்தனை நாளும் கிராம்பு மென்று, சட்டையெல்லாம் ஜவ்வாதைத் தேய்த்து, பாட்டில் சென்ட்டை அக்குளில் பீச்சிக்கொண்டுதானே வீட்டுக்குள் நுழைவேன். கொஞ்சம் குடித்தால் கொஞ்சம் மணப்பேன். முட்டக் குடித்தால் கல்யாண வீடாக மணப்பேன். பத்து வருஷமாக அவள் என் வாயை மோந்து பார்த்ததில்லை, சட்டையைத்தான் மோந்து பார்த்தாள். மணத்தின் அளவை வைத்து அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று தெரிந்துகொள்வாள். ஊரிலேயே உசத்தியான வாசனையைப் பூசிக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றிருக்கிறேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"பாப்பா எங்க?" என்றேன்.

"உள்ள இருக்கு."

உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. பவதாரிணிக்கு ஒன்பது வயது. ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அரை மணி நேரம் வாயாடுவாள். "எப்பப்பா வருவ, எப்பப்பா வருவ" என்று நச்சரிப்பாள். நேரில் வந்ததும் கூச்சம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"கழுவிட்டு வாரேன்" என்று குழாயடிக்குப் போனேன். துணி சோப்பை எடுத்துத் தேய்த்தேன். ஊத் சோப்புக்கெல்லாம் மசியாது, எனக்கே தெரியும், நானே வாடிக்கையாளர்களிடம் பெருமையாகச் சொல்லுவேன். புளி கேட்டேன். மாமனார் கொண்டுவந்து கொடுத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தார். புளியைப் போட்டுத் தேய்த்தேன். அடுப்புச் சாம்பலைப் போட்டுத் தேய்த்தேன். மணிக்கட்டில் தோல் உரிந்து எரிந்தது. ஈரம் பட்டதும் அந்த எண்ணெய் இன்னும் கிளம்பி மணத்தது. சட்டையைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டு வெறும் பனியனோடு நின்றேன்.

"எம்புட்டுத் தேய்ச்சாலும் போகலயே" என்றார் மாமனார். "இம்புட்டு அவசரமாக் கழுவுறதப் பாத்தாத்தான் சந்தேகமா இருக்கு."

"மாமா, நான் குடிக்கல. பிள்ள மேல சத்தியமா."

"பிள்ள மேல சத்தியம் பண்ணாதீங்க" என்றாள் தமிழ்ச்செல்வி. "அது முன்னாடியே நெறையாப் பண்ணியாச்சு."

அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. கமாலுதீன் பாய்க்குப் போன் போட்டுத் தரவா என்றேன். அவர் உங்க ஆளு, உங்களுக்குத்தான் பேசுவாரு என்றாள். மூக்கு மந்தமாகிவிடும், குடித்தவன் ஊத் பார்க்க முடியாது என்று விளக்கினேன். நான் பேசப் பேசக் குடிகாரன் உளறுகிற மாதிரியே எனக்கே கேட்டது. நிறுத்திவிட்டேன்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. திண்டுக்கல் ரோட்டில் மார்க்கெட்டைத் தாண்டி போலீஸ்காரர்கள் வண்டிகளை நிறுத்திச் சோதனை பண்ணிக்கொண்டிருந்ததை ஆட்டோவில் வரும்போது பார்த்திருந்தேன்.

"மாமா, வண்டிய எடுங்க. போலீஸ்காரர்கிட்ட மிஷின் இருக்கும். அதுல ஊதிக் காட்டுறேன். நீங்களே பக்கத்துல நின்னு பாருங்க."

மாமனார் மகளைப் பார்த்தார். அப்புறம் எக்ஸெல் வண்டியை உதைத்தார். பனியனும் வேட்டியுமாகப் பின்னால் உட்கார்ந்து போனேன். ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும்.

கையில் மிஷினோடு நின்ற போலீஸ்காரர் எங்களை நிறுத்தவேயில்லை. நாங்களாகப் போய் நின்றோம்.

"ஹெல்மெட் எங்கய்யா பெருசு?" என்றார் மாமனாரிடம்.

"சார், எனக்கு ஊதணும்" என்றேன் நான்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "பதினஞ்சு வருஷ சர்வீஸ்ல ஊத மாட்டேன்னு ஓடுனவனத்தான் பாத்துருக்கேன். உனக்கு என்னய்யா?" என்றார். அதற்குள் வாடை அவருக்கும் எட்டிவிட்டது. அரை அடி பின்னால் போனார். "சென்ட்டு கடைக்குள்ள விழுந்து எந்திரிச்சு வந்தியா?"

நான் சொன்னேன். நடுரோட்டில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். பெண்டாட்டி, பிள்ளை, பதினாலு மாதம், நாளைக்குத் திருப்பூர், எல்லாவற்றையும். அழுகை வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. அந்த மனுஷன் புதுக் குழாயை மாட்டி மிஷினை நீட்டினார்.

அடிவயிற்றிலிருந்து ஊதினேன். நிறுத்தச் சொல்லும்வரை ஊதினேன். மிஷின் கீச்சென்றது. அவர் அதை மாமனார் பக்கம் திருப்பிக் காட்டினார். எல்லாம் பூஜ்யம். மாமனார் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டு தடவை பார்த்தார். மிஷினிலிருந்து சின்னச் சீட்டு ஒன்று வந்தது. அதைக் கிழித்து என் கையில் கொடுத்தார் போலீஸ்காரர். "போ. போய்க் கூட்டிட்டுப் போ" என்றார்.

திரும்பி வரும்போது மாமனார் வண்டியை மெதுவாக ஓட்டினார். "மனசுல வச்சுக்காதீங்க மாப்ள" என்றார். பனியனுக்குள் காற்றுப் புகுந்து ஜில்லென்றது. மணிக்கட்டைத் தூக்கி மோந்தேன். புளிப்பெல்லாம் போய் மரம் வந்திருந்தது. அவ்வளவு சுத்தமான மரத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. இனி எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பினேன். சத்தியமாக நம்பினேன்.

தமிழ்ச்செல்வி வாசலிலேயே நின்றிருந்தாள். சீட்டை நீட்டினேன். வாங்கிப் பார்த்தாள்.

"நான் நம்புறேன்" என்றாள். "ஊதாட்டியும் நம்பிருப்பேன். பேசுறப்பவே தெரிஞ்சுபோச்சு, நாக்கு ஒழுங்காத்தான் இருக்கு."

"அப்பறம் என்ன? கெளம்பு. பிள்ளையக் கூப்பிடு."

அவள் அசையவில்லை. மாமனார் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"பிள்ளைக்குக் குடி வாடை தெரியாதுங்க" என்றாள் மெதுவாக. "நீங்கதான் எப்பவும் மறைச்சுட்டு வருவீங்களே. அதுக்குத் தெரிஞ்சது சென்ட்டு வாடைதான். சென்ட்டு வந்தா அடுத்து அடி விழும். அம்புட்டுத்தான் அதுக்குத் தெரியும். நீங்க ஆட்டோவ விட்டு எறங்குனதும் ஜன்னல் வழியா வாடை வந்துருச்சு. கட்டிலுக்கு அடில போயிருச்சு."

"கட்டிலுக்கு அடிலயா? போன்ல அம்புட்டுப் பேசுதே?"

"போன்ல வாடை வராதுல்ல."

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"அது தாடைல மூணு தையல் இருக்குமே" என்றாள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துச்சுன்னு உங்ககிட்டச் சொன்னோம். வழுக்கி விழல. அன்னைக்கு நீங்க வந்ததும் 'அப்பா மணக்குது'ன்னு ஓடி வந்து காலக் கட்டிக்கிருச்சு. நீங்க ஒதறுனீங்க. வாசப்படில போய் விழுந்துச்சு. உங்களுக்கு ஞாபகம் இருக்காது."

எனக்கு ஞாபகம் இல்லை. எவ்வளவு தோண்டியும் அந்த ராத்திரி வரவில்லை. வழுக்கி விழுந்தது என்று அன்றைக்குச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அந்த நிம்மதிக்கே என்னைக் கொல்லலாம்.

"கடைய விட்டுர்றேன்" என்றேன். "இன்னைக்கே விட்டுர்றேன். இனிமே ஒரு பூ வாசம்கூட எங்கிட்ட வராது. குளிச்சு, மொட்ட போட்டு, எல்லாத் துணியையும் எரிச்சுட்டு வாரேன். ரெண்டு நாள் குடு தமிழு. ரெண்டே நாள்."

"கடைய விட்டுட்டு எங்க போவீங்க? பழைய குடிச் சேக்காளிககிட்டயா?" கோபமாகக் கேட்கவில்லை, அக்கறையாகக் கேட்டாள். அதுதான் என்னை ஒடித்தது. "கடைய விடாதீங்க. அதுதான உங்கள நிப்பாட்டி வச்சிருக்கு. நாங்க நாளைக்குக் கெளம்புறோம். ஞாயித்துக்கெழமைக்குப் போன் பண்ணுங்க. அது பேசும். நல்லாப் பேசும்."

பத்து வருஷம் நான் பேசியிருக்கிறேன், அவள் கேட்டிருக்கிறாள்; இன்றைக்கு அவள் பேசினாள், நான் கேட்டேன். உள்ளறையிலிருந்து சின்னக் குரல் கேட்டது.

"அம்மா. ஒண்ணுக்கு வருது."

தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்தாள். கக்கூஸ் வீட்டுக்கு வெளியே, கொல்லை மூலையில் இருந்தது. நான் வந்து இரண்டு மணி நேரம் இருக்கும். அவ்வளவு நேரமும் அந்தப் பிள்ளை அடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் கிடந்திருக்கிறது.

"கொஞ்சம் தள்ளிப் போங்க" என்றாள். "அது வெளிய வரணும்."

எழுந்தேன். மூலையில் கிடந்த சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். பத்துத் தப்படி நடந்த பிறகுதான் முகத்தில் காற்றுப் பட்டது. ஆனிக் காற்று, மேற்கிலிருந்து வாரி அடித்தது. நான் நின்ற இடத்திலிருந்து நேராக வீட்டு வாசலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இருந்த கொஞ்ச மணத்தையும் அள்ளிக்கொண்டுபோய்ப் பிள்ளை மூஞ்சியில் போட்டிருக்கும்.

ஓடினேன். அடுத்த வீட்டுச் சந்தில் நுழைந்து, பின்னால் இருந்த காலி மனையைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்குக் கிழக்குப் பக்கம் போய்ச் சேர்ந்தேன். அங்கே கருவேலஞ்செடிகளுக்கு நடுவில் நின்றேன். காற்று இப்போது வீட்டிலிருந்து என் மேல் வந்தது. சாம்பார் கொதிக்கிற வாசனையும் சோப்பு வாசனையும் வந்தன.

பவதாரிணி கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். ஒன்றரை வருஷத்தில் ஒரு சாண் வளர்ந்திருந்தாள். படியில் நின்று மூக்கைத் தூக்கிக் காற்றை இழுத்தாள். இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. அவசரமில்லாமல் பார்த்தாள்.

"அம்மா, அப்பா போயிருச்சா?"

தமிழ்ச்செல்வி படிக்குப் பின்னால் நின்றிருந்தாள். செடிகளுக்கு நடுவில் பனியனோடு நிற்கிற என்னை அவள் பார்த்துவிட்டாள்.

"போயிருச்சு" என்றாள். "நீ போயிட்டு வா."

பிள்ளை பாவாடையைப் பிடித்துக்கொண்டு ஓடியது. அது திரும்பி வந்து, காலைக் கழுவி, உள்ளே போகும்வரை நான் அங்கேயே நின்றேன்.